லுமுட் ஜெட்டியில் ஒரு சுங்கக் கோடு

பேராக் சித்தியவானிலிருந்து லுமுட் ஜெட்டி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே ஃபெர்ரி ஏறினால் பங்கோர். 2020 ஜனவரி 1 முதல் அது தீர்வையற்ற தீவு. மாசி மகத்துக்குப் பத்திரகாளியம்மன் கோயிலுக்குக் கடல் தாண்டிப் போகிறவர்களும் அன்றிலிருந்து ஒரு சுங்கக் கோட்டைத் தாண்டித்தான் போகிறார்கள். கோடு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

விமான நிலையத்தின் தீர்வையற்ற கடைக்கும் இதே கோட்டுக் கணக்குதான். வெளிநாட்டிலிருந்து வரும் வாசனைத் திரவியப் புட்டி துறைமுகத்தில் இறங்கிய உடனே தீர்வை கட்டியாக வேண்டும் என்பதில்லை. சுங்கத் துறையின் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் அது தூங்கலாம். உள்ளூர்ச் சந்தைக்குக் கிளம்பினால்தான் தீர்வை. கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் கடப்பிதழ்ச் சோதனைக்கு அப்பால் இருக்கிற கடைக்குப் போனால், அங்கே வாங்குகிறவர் அதை நாட்டைவிட்டே எடுத்துப் போகிறார். சட்டத்தின் பார்வையில் அந்தப் புட்டி மலேசியாவுக்குள் வரவே இல்லை! கடைக்காரர் விமான அனுமதிச் சீட்டைக் கேட்பது சும்மா இல்லை. எந்தப் புட்டி யாரோடு எந்த விமானத்தில் போனது என்று அவர் சுங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

இந்த யோசனையைக் கடையாக்கியவர் அயர்லாந்தின் பிரெண்டன் ஓ'ரீகன். அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் அப்போது ஷானன் நிலையத்தில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொள்ளும். பயணிகளுக்குப் பொழுது போகவேண்டுமே. 1947இல் அங்கே தீர்வையற்ற கடை திறந்தது.

தீர்வை இல்லையென்றால் விலை மலிவு என்று நினைத்துவிடக் கூடாது. மது, சிகரெட் விலையில் பெரும்பங்கு வரி, அதனால் அவற்றில் வித்தியாசம் தெரியும். சாக்லேட்டில் வரி கொஞ்சம். அந்த மிச்சத்தையும் விமான நிலையக் கடையின் வாடகை விழுங்கிவிடும். ஊர்க் கடை விலையைத் தெரிந்துகொண்டு போகிறவர்தான் பிழைப்பார். மலேசியாவில் தீர்வையற்ற கடைகளை 1987இல் தீர்வையற்ற தீவான லங்காவி எல்லாருக்கும் பழக்கிவிட்டது. அங்கிருந்து கண்ணாடிப் பாத்திரம் தூக்கி வராத குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

பங்கோரில் ஒரு வேடிக்கை. வித்தியாசம் அதிகம் தெரியக்கூடிய மது, புகையிலை, வாகனம் மூன்றுக்கும் அங்கே விலக்கு இல்லை. சாக்லேட்டும் வாசனைத் திரவியமும் சமையல் பாத்திரமும்தான் மிச்சம்.

வணிகத்துக்கும் வரிக்கும் இந்தத் தீவோடு பழைய தொடர்பு உண்டு. ஈய வணிகத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ள டச்சுக்காரர்கள் 1670இல் இங்கே கோட்டை கட்டினார்கள். பேராக்கின் வரி வசூல் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனைப்படி நடக்கவேண்டும் என்று 1874 ஜனவரி 20இல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பெயரே பங்கோர் ஒப்பந்தம்.