சலைன் பாட்டிலில் ஒளிந்திருந்த எமன்! பல் வைத்தியத்துக்குப் போன 8 பேர் பலியான பயங்கரம்

சின்ன பல் ஆஸ்பத்திரிகளில் சோதனைக்குப் போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

பல் வலி என்று ஒரே ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் 10 பேர் மூளை நோயில் விழுந்தார்கள். அவர்களில் 8 பேர் செத்துப்போனார்கள்.

கத்திக்குத்து இல்லை. விஷ ஊசி இல்லை. வாயில் புண்ணைக் கழுவ ஊற்றிய உப்புநீர்தான் ஆளைக் கொன்றிருக்கிறது!

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் உள்ள ஒரு பல் ஆஸ்பத்திரியில் நடந்த இந்த விபரீதம், 2025-ம் ஆண்டு 'லான்செட்' குழுமத்தின் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் கட்டுரையாக வெளிவந்து நாட்டையே உலுக்கியது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தொற்றுநோய் நிபுணர்கள், தமிழக பொது சுகாதாரத்துறையினர் சேர்ந்து துப்பு துலக்கிய விவகாரம் இது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பேச்சு குழறியது, பார்வை மங்கியது

2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை, வட தமிழ்நாட்டில் 21 பேர் ஒரே மாதிரி நோயில் விழுந்தார்கள். காய்ச்சல், தலைவலி என்று ஆரம்பித்தது. பிறகு பேச்சு குழறியது. பார்வை மங்கியது. முக நரம்புகள் செயல் இழந்தன.

சோதித்துப் பார்த்ததில் 'மெலியாய்டோசிஸ்' என்ற நோய் என்று தெரியவந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் கிருமி இது. அது மூளை வரைக்கும் போய்த் தாக்கியிருந்தது.

"கடைசியாக எங்கே வைத்தியம் பார்த்தீர்கள்?" இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் குட்டு உடைந்தது. 10 பேர் ஒரே பல் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள்!

அந்த 10 பேரில் 8 பேர் சாவு. மற்ற 11 பேரில் செத்தது ஒருவர் மட்டுமே.

பஞ்சு அடைத்த பாட்டில்

கிருமி எப்படி உள்ளே போனது?

ஈறை எலும்பில் இருந்து பிரித்து விலக்க ஒரு இரும்புக் கருவி உண்டு. சரியாகச் சுத்தம் செய்யாத அந்தக் கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். திறந்த பாட்டிலின் வாயைப் பஞ்சால் லேசாக அடைத்து வைத்திருக்கிறார்கள். தீரும் மட்டும் அதையே அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் ஊற்றியிருக்கிறார்கள்.

சலைன் என்பது வெறும் உப்புநீர். கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் அதில் இல்லை. ஒருமுறை கிருமி புகுந்துவிட்டால் பாட்டில் காலியாகும் வரை அது குடித்தனம் நடத்தும்.

ஒரு புது பாட்டிலின் விலை எவ்வளவு? 8 உயிரின் விலை எவ்வளவு?

சோதனை என்றால் இதுதான்

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த 1997-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2018-ல் விதிகள் வந்தன. பல் ஆஸ்பத்திரி ஒற்றை அறையில் நடந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். மாவட்டத்தில் இதைக் கவனிப்பவர் சுகாதாரப் பணிகள் இணை இயக்குனர்.

சுவரில் சர்டிபிகேட் தொங்குகிறதா, டாக்டர் பெயர் மாநிலப் பதிவேட்டில் உள்ளதா என்று பார்ப்பது முதல் வேலை. அதோடு முடிந்தால் அது சோதனை அல்ல, சடங்கு! பளபளக்கும் நாற்காலியும், ஏ.சி.யும் யாரையும் காப்பாற்றாது. பின்கட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

கருவிகளை நீராவியில் வேகவைக்கும் 'ஆட்டோகிளேவ்' எந்திரம் அங்கேதான் இருக்கும். வீட்டு பிரஷர் குக்கருக்கு அண்ணன் என்று சொல்லலாம். 121 டிகிரி சூட்டில், உறையில் போட்ட கருவி 30 நிமிடம் வேக வேண்டும். வெந்நீரில் முக்கி எடுத்தால் எல்லா கிருமியும் சாகாது.

உறையில் ஒட்டிய டேப் நிறம் மாறினால் சூடு பட்டது என்றுதான் அர்த்தம். கிருமி செத்ததா என்று தெரிய 'ஸ்போர் டெஸ்ட்' செய்ய வேண்டும். அந்தக் கணக்கு நோட்டில் ஏறியிருக்கிறதா? யார் கையெழுத்து? கடைசி தேதி என்ன? அதிகாரி கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

6 வருடம் சோதிக்காத எந்திரம்!

நோட்டுப் புத்தகம் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு பதில் இருக்கிறது.

2013-ல் ஓக்லஹாமா மாநிலம் துல்சா நகரில், ஒரு பல் டாக்டரின் ஆஸ்பத்திரியில் அதிகாரிகள் புகுந்தார்கள். துருப்பிடித்த கருவிகள், காலாவதி மருந்துகள் சிக்கின. மாதம் தவறாமல் சோதிக்க வேண்டிய ஆட்டோகிளேவை 6 வருடமாகச் சோதிக்கவே இல்லை! சுமார் 7 ஆயிரம் நோயாளிகளை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அங்கே ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்கு மஞ்சள் காமாலை 'சி' கிருமி தொற்றியதும் உறுதியானது.

பணக்கார நாடு என்றாலும் நோட்டு காலி என்றால் கதை இதுதான்.

குழாயும் குப்பைத் தொட்டியும்

பல்லைக் கடையும்போது பீச்சும் தண்ணீரும் ஆபத்துதான். மெல்லிய குழாய்க்குள் வழவழப்பாகக் கிருமி படியும். இத்தாலியில் 2011-ல் 82 வயது மூதாட்டி ஒருவர் இப்படிப்பட்ட தண்ணீரால் நிமோனியா வந்து இறந்தார். காலையில் வேலை தொடங்குமுன் குழாய்த் தண்ணீரைத் திறந்து ஓடவிட வேண்டும். அவ்வப்போது மருந்து போட்டுக் குழாயைக் கழுவ வேண்டும்.

அடுத்தது குப்பை. 2016-ம் ஆண்டு விதிப்படி ரத்தப் பஞ்சும் பிடுங்கிய பல்லும் மஞ்சள் பை. கையுறையும் பிளாஸ்டிக் குழாயும் சிவப்புப் பை. ஊசிக்கு, குத்தினால் துளைபடாத வெள்ளை டப்பா. கண்ணாடிக்கு நீலம். 48 மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. தெருமுனைத் தொட்டியில் ஊசி கிடந்தால், குத்துப்படுவது துப்புரவுத் தொழிலாளியின் கை!

மரத்துப்போகும் ஊசி சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் மயக்கம் வரலாம். ஆக்சிஜன் சிலிண்டரும் அவசர ஊசி மருந்தும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். சிலிண்டரில் காற்று இருக்கிறதா என்பதையும் திறந்து பார்க்க வேண்டும்.

வேலை செய்யும் பையனும் பெண்ணும் மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசி 3 முறை போட்டிருக்க வேண்டும். கருவி கழுவுவது அவர்கள்தான். முறையாகக் கற்றுக்கொடுக்காமல் மாதச் சம்பளத்துக்கு ஆள் பிடித்து நிறுத்தினால், பாட்டில் வாயில் பஞ்சு அடைக்கத்தான் செய்வார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

நாற்காலியில் சாய்ந்ததும் வாயைத் திறக்கிறோம். அதற்கு முன் கண்ணைத் திறக்கலாம்.

* கருவிகளை மூடிய உறையில் இருந்து உங்கள் எதிரே பிரித்து எடுக்கிறார்களா?

* கையுறை புதிதா? ஊசி புதிதா?

* சலைன் பாட்டில் உங்களுக்காகத் திறந்ததா, ஏற்கனவே திறந்து கிடந்ததா?

* பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா?

கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்று பயப்பட வேண்டாம். முறையாகத் தொழில் செய்யும் டாக்டர் பின்கட்டையே திறந்து காட்டுவார். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். பல் வலியை ஒரு நாள் பொறுக்கலாம்!