‘தோல்’ தேடினால் ‘தோல்வி’ வரும்: செய்தியோடை இயங்கும் விதம்

ஓர் இணையதளத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதைக் கணினிக்குப் புரியும் வடிவில் எழுதி வைத்திருக்கும் கோப்புதான் செய்தியோடை. தளத்தின் நிறம், படம், விளம்பரம் எதுவும் அதில் இருக்காது. கடைசியாக வெளியான பத்து இருபது பதிவுகளின் தலைப்பும் சுருக்கமும் நேரமும் வரிசையாக இருக்கும். வாசகர் தனக்கு வேண்டிய தளங்களின் ஓடை முகவரிகளை ஒரு படிப்பான் செயலியில் சேர்த்துவிட்டால், அந்தச் செயலி அவற்றைத் தானே சுற்றிவந்து, புதியவற்றை ஒரே பக்கத்தில் அடுக்கிக் கொடுக்கும். பல தளங்களின் ஓடைகளைத் திரட்டிப் பொதுமக்களுக்குக் காட்டும் தளத்துக்குத் தமிழில் ‘திரட்டி’ என்று பெயர்.

ஓடைக்குள் என்ன இருக்கிறது?

ஆம்பூரில் இருந்து எழுதும் ஒருவர், ‘இந்த வார ஆட்டுத்தோல் விலை’ என்று காலை 8 மணிக்கு ஒரு பதிவை வெளியிடுவதாக வைத்துக்கொள்வோம். ‘வெளியிடு’ பொத்தானை அழுத்தியதுமே வேர்ட்பிரஸ், பிளாகர் போன்ற மென்பொருள்கள் ஓடைக் கோப்பின் தலையில் ஒரு புது உருப்படியைச் சேர்த்துவிடும். எழுதியவர் அதற்கென்று எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அந்த உருப்படியில் முக்கியமாக ஐந்து விவரங்கள் இருக்கும்: தலைப்பு, பதிவுக்கான இணைப்பு, சுருக்கம் அல்லது முழு உரை, வெளியான நேரம், அடையாளக் குறி. ஒவ்வொன்றும் எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில், தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவில் அடைபட்டிருக்கும். எது தலைப்பு, எது தேதி என்று ஊகிக்கும் வேலை கணினிக்கு இல்லாமல் போவது இதனால்தான்.

ஐந்தில் சின்னதாகத் தெரியும் இரண்டுதான் அதிகம் தொல்லை தருபவை. முதலாவது நேரம். ‘8.00’ என்பதோடு ‘+0530’ என்று இந்திய நேர வித்தியாசத்தையும் குறிக்க வேண்டும். அது விட்டுப்போனால், பல மென்பொருள்கள் அதைக் கிரீன்விச் நேரமாக எடுத்துக்கொள்ளும். காலை எட்டு மணிப் பதிவு பிற்பகல் 1.30-க்கு வந்ததாகக் கணக்காகி, ஐந்தரை மணி நேரத்துக்குப் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது அடையாளக் குறி. விலையில் பிழை கண்டு தலைப்பைத் திருத்தினாலும் குறி மாறக் கூடாது. மாறாத வரை படிப்பான் அதைப் பழைய பதிவாகவே நடத்தும். தளத்தை வேறு முகவரிக்கு மாற்றும்போது குறிகளும் சேர்ந்து மாறிவிட்டால், படித்து முடித்த பழைய பதிவுகள் புதியவை போல மறுபடி வந்து கொட்டும்.

கேட்பதும் சொல்வதும்

ஓடை தானாக வாசகரிடம் ஓடி வருவதில்லை. படிப்பான்தான் குறித்த இடைவெளியில் போய், ‘புதிதாக ஏதாவது உண்டா?’ என்று கேட்க வேண்டும். நூறு தளங்களைக் கால் மணிக்கு ஒருமுறை விசாரித்தால் ஒரு நாளைக்கு 9,600 கேள்விகள். ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் இறக்கினால் இரு தரப்புக்கும் வீண் சுமை. அதனால் படிப்பான் முந்தைய கோப்பின் முத்திரையைக் கேள்வியோடு சேர்த்து அனுப்பும். கோப்பு மாறாதிருந்தால் தளம் ‘304’ என்ற குறியீட்டை மட்டும் பதிலாகத் தரும். ‘பழையதுதான், எடுத்துப் போக ஒன்றுமில்லை’ என்பது அதன் பொருள்.

கேட்காமலே சொல்லும் வழியும் உண்டு. 2018 ஜனவரியில் வெப்சப் என்ற முறை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. இதில் தளம் புதுப் பதிவு வந்ததை நடுவில் இருக்கும் ஒரு மையத்துக்குச் சொல்லும். மையம் சந்தாதாரர்களுக்கு உடனே தெரிவிக்கும்.

ஓடையின் பிறப்பு

எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் தரமாக ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம், தன் முகப்புப் பக்கத்தில் மற்றத் தளங்களின் செய்தித் தலைப்புகளைக் காட்டுவதற்காக ஆர்எஸ்எஸ் வடிவத்தின் முதல் பதிப்பை வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ராமநாதன் வி. குஹா, சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். நெட்ஸ்கேப் ஆர்வம் இழந்த பிறகு மென்பொருள் வல்லுநர் டேவ் வைனர் அதை வளர்த்தெடுத்து, 2002-இல் ஆர்எஸ்எஸ் 2.0 பதிப்பைக் கொண்டுவந்தார். பதிப்புகளுக்கிடையே எழுந்த குழப்பத்தைத் தீர்க்க, ஆட்டம் என்ற மாற்று வடிவம் 2005 டிசம்பரில் இணையத் தரமாக வந்தது. இன்றைய படிப்பான்கள் இரண்டையும் வாசிக்கும். ஒலிக்கோப்பின் முகவரியை ஆர்எஸ்எஸ் உருப்படியோடு இணைக்கும் ஏற்பாட்டில் இருந்துதான் பாட்காஸ்ட் பிறந்தது.

தமிழ்மணம் காட்டிய வழி

தமிழில் வலைப்பதிவுகள் 2003-ஐ ஒட்டிப் பெருகத் தொடங்கின. யார் எப்போது எழுதுவார் என்று தெரியாது. பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிவாகத் திறந்து பார்க்க வேண்டும். காசி ஆறுமுகம் 2004-இல் உருவாக்கிய தமிழ்மணம் இந்த அலைச்சலைப் போக்கியது. பதிவர் தன் முகவரியைச் சேர்த்துவிட்டால், அவருடைய ஓடையைத் தமிழ்மணம் வாசித்துப் புது இடுகைகளை முகப்பில் காட்டியது. சென்னையில் எழுதியதும் யாழ்ப்பாணத்தில் எழுதியதும் டொராண்டோவில் எழுதியதும் அடுத்தடுத்த வரிகளில் வந்தன. தேன்கூடு, தமிழ்வெளி, திரட்டி எனப் பிற திரட்டிகளும் பின்னர் முளைத்தன.

இதற்கு எழுத்துருச் சிக்கல் தீர வேண்டியிருந்தது. அக்காலத் தமிழ் இதழ்த் தளங்கள் பல, ஆளுக்கொரு எழுத்துருவையும் குறியீட்டையும் வைத்திருந்தன. ஒன்றின் தலைப்பை இன்னொன்றின் பக்கத்தில் ஒட்டினால் வாசிக்க முடியாத கிறுக்கல்தான் வரும். பொதுக் குறியீடான யூனிகோடில் எழுதினால் மட்டுமே ஆயிரம் பேர் எழுத்து ஒரே பட்டியலில் நிற்கும். திரட்டியில் இடம்பெறும் ஆசையே பலரை யூனிகோடுக்கு இழுத்து வந்தது.

பட்டியலை எந்த விதியில் அடுக்குகிறோம் என்பது எழுதுகிறவர்களையும் மாற்றும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. புதிதாகப் பின்னூட்டம் விழுந்த இடுகைகளையும் தமிழ்மணம் முகப்பில் காட்டியது. இடுகையை அங்கேயே நிறுத்தி வைக்க நண்பர்கள் கூடிப் பின்னூட்டங்களை அள்ளிக் குவித்தார்கள். பதிவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘கும்மி’. பிறகு முகநூலும் ட்விட்டரும் வந்தன. கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது. எதை எப்போது காட்டுவது என்ற முடிவும் நிறுவனங்களின் கணிப்புக்குப் போனது.

தோல் வட்டாரத்துக்கு என்ன பயன்?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டிய ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஊர்களின் பிழைப்பு தோல் பதனிடுவதும் ஷூ தைப்பதும். சரக்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போவதால், பிரஸ்ஸல்ஸில் மாறும் ஒரு விதி ஆம்பூர் டேனரியின் டிரம்மில் போடும் ரசாயனத்தை மாற்றிவிடும்.

குரோமியம் இதற்கு நல்ல உதாரணம். தோலைப் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். அதில் ஒரு பகுதி சில சூழல்களில் அறுவிணைதிறன் குரோமியமாக மாறி, அணிபவரின் சருமத்தில் ஒவ்வாமையை உண்டாக்கும். உடலில் படும் தோல்பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014 மார்ச்சில் விதி கொண்டுவந்தது. அமலுக்கு வந்த நாள் 2015 மே 1. நடுவில் ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது. ஒன்றியத்தின் சட்டத் தளமான யூர்-லெக்ஸ் செய்தியோடை தருகிறது. இத்தகைய அறிவிப்பு ஓடை வழியாக வெளியான வாரத்திலேயே கண்ணில் பட்டால், பதனிடும் முறையை நிதானமாக மாற்றலாம். வாங்குபவர் சரக்கைத் திருப்பி அனுப்பிய பிறகு தெரிந்தால் மாற்றுவதற்கு நேரம் இருக்காது.

உள்நாட்டுச் செய்திகளும் இதே போலத்தான். ரிசர்வ் வங்கியின் அறிவிப்புகளையும் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகச் செய்திகளையும் ஓடையாகப் பெறலாம். பாலாற்று மாசு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-லும் 2025 ஜனவரி 30-லும் தந்த தீர்ப்புகள் இந்த வட்டாரத்தின் தொழிலையும் விவசாயத்தையும் நேரடியாகத் தொட்டவை. இத்தனையையும் ஒரே படிப்பானில் சேர்த்தால் தினம் நூற்றுக்கணக்கான தலைப்புகள் வந்து குவியும். அவற்றில் தேவையானதைச் சலித்தெடுக்க வடிகட்டி வேண்டும்.

வடிகட்டியும் தமிழ் இலக்கணமும்

பெரும்பாலான வடிகட்டிகள் எழுத்துகளை வெறுமனே ஒப்பிடுபவை. பொருள் அவற்றுக்குத் தெரியாது. ‘தோல்’ என்று கொடுத்தால் தேர்தல் தோல்வி, கிரிக்கெட் தோல்வி எல்லாம் வரிசை கட்டி வரும். ‘தோல்வி’க்குள் ‘தோல்’ முழுதாக இருக்கிறது. அதே நேரம் ‘தோலை’, ‘தோலின்’, ‘தோலுக்கு’ ஆகியவை சிக்காது. உருபு சேர்ந்ததும் புள்ளி போய், அதன் இடத்தில் உயிர்க்குறி வந்துவிடுகிறது. புள்ளியை எடுத்துவிட்டு ‘தோல’ என்று தேடினால் இவை கிடைக்கும்; தங்கம் நிறுக்கும் ‘தோலா’வும் கூடவே வரும். புணர்ச்சி இன்னொரு முடிச்சு. ‘தோற்பொருள்’ என்று இலக்கணமாக எழுதிய கட்டுரையில் ‘தோல்’ என்ற எழுத்துத் தொடரே இல்லை. ‘தோற்’ என்று தேடப் போனால் ‘தோற்றம்’ வந்து நிற்கும்.

சில சொற்கள் வழிவிடும். ‘பாலாறு’ என்று தேடினால் ‘பாலாற்றில்’ தப்பிவிடும்; ‘பாலா’ என்று சுருக்கினால் பாலாஜிகள் எல்லாரும் வருவார்கள். ‘பாலாற’ என்று கொடுத்தால் இரண்டு வடிவமும் கிடைக்கும், பாலாஜி வரமாட்டார். ‘று’, ‘ற்’ இரண்டுமே கணினியில் ‘ற’வில் தொடங்கி, அதன் பின் குறி சேர்பவை.

ஊர்ப்பெயர்களிலும் கவனம் வேண்டும். ‘வேலூர்’ என்ற வடிகட்டி நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூரையும் கூட்டிவரும். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. மாவட்ட வாரியாகச் செய்தியைப் பிரிக்கும் தளத்தில் ‘வேலூர்’ ஓடையை மட்டும் வைத்திருப்பவருக்கு ஆம்பூர் செய்தி கிடைக்காமல் போகலாம். ‘ஆம்பூர்’ என்று தனியே தேடினாலோ, எங்கோ திறக்கும் பிரியாணிக் கடை வந்து நிற்கும். ஒற்றைச் சொல்லை நம்பாமல், ‘தோல்’ அல்லது ‘காலணி’யோடு ‘ஏற்றுமதி’, ‘பதனிட’ ஆகியவற்றில் ஒன்றும் இருக்க வேண்டும் என்று விதியைக் கோத்தால் குப்பை பெருமளவு குறையும்.

தானியங்கிப் பகிர்வு

ஓடையை வாசிக்கும் மென்பொருளுக்கு அடுத்த வேலையையும் கொடுக்கலாம். புதுப் பதிவு வந்ததும் அதன் தலைப்பையும் இணைப்பையும் டெலிகிராம் குழுவுக்கு அனுப்பலாம்; வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் தொகுத்து மின்னஞ்சலாக்கலாம்; சங்கத் தளத்தின் ஓரத்தில் உறுப்பினர்களின் புதிய பதிவுகளைக் காட்டலாம். ஒருமுறை அமைத்துவிட்டால் அன்றாடம் ஆள் தேவையில்லை.

ஆள் இல்லாததால் வரும் வினைகளும் உண்டு. ‘அ’ தளம் ‘ஆ’வின் ஓடையை மறுபதிப்பு செய்து, ‘ஆ’வும் ‘அ’வின் ஓடையை மறுபதிப்பு செய்தால் ஒரே பதிவு இரண்டுக்கும் நடுவே முடிவில்லாமல் சுற்றும். மூல அடையாளக் குறியைப் பாதுகாத்தால் இதைத் தடுக்கலாம். பிறர் ஓடையில் வரும் நிரல்வரிகளை நீக்காமல் அப்படியே காட்டுவது பாதுகாப்புக்குக் கேடு. ஓடை எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்பதால் அதன் உரையை முழுசாக எடுத்துத் தன் தளத்தில் போட உரிமை வந்துவிடாது. பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது. தலைப்பு, இரண்டு வரிச் சுருக்கம், மூலத்துக்கு இணைப்பு என்பதே நல்ல திரட்டிகளின் வழக்கம்.

பட்டியல் யார் கையில்?

2005-இல் தொடங்கிய கூகுள் ரீடர் உலகெங்கும் பலருக்கு ஓடை படிக்கும் இடமாக இருந்தது. 2013 ஜூலை 1-இல் கூகுள் அதை மூடியது. அதோடு ஓடைகள் வற்றிவிடவில்லை. ஓடைக் கோப்புகள் அந்தந்தத் தளத்தில் இருந்தன. வாசகரின் சந்தாப் பட்டியலையும் ஓபிஎம்எல் என்ற வடிவில் ஒரு சிறு கோப்பாக இறக்கிக்கொள்ள முடிந்தது. அந்தக் கோப்பை ஃபீட்லி போன்ற வேறு படிப்பானில் ஏற்றியதும் பழைய தளங்கள் எல்லாம் அப்படியே வந்துசேர்ந்தன. இன்றும் வேர்ட்பிரஸ் தள முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் ‘ஃபீட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்தால், பெரும்பாலும் அதன் ஓடை திறந்துகொள்ளும்.