பழைய கொலுவுக்குப் புதிய பொம்மை

நவராத்திரி நெருங்கினால் தைப்பிங்கில் மழையும் நெருங்கிவிடும். அந்த ஈரக் காற்றில்தான் ஆண்டுக்கு ஒருமுறை பரணிலிருந்து பெட்டி இறங்கும். வைக்கோலை விலக்கி ஒவ்வொரு பொம்மையாக எடுக்கும்போது தாய்மார்களின் மனத்தில் எழும் முதற் கேள்வி, "எல்லாம் முழுசாக இருக்கிறதா?" என்பதே.

எங்கள் பெட்டியில் ஒன்று முழுசாக இல்லை. 1950களில் பாட்டி நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறியபோது தகரப்பெட்டியில் தசாவதார செட்டு ஒன்றையும் கொண்டுவந்தார். லயத்து வீட்டில் மூன்று படிதான் கொலு. தோட்டம் கைமாறி நாங்கள் பட்டணத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, லாரியில் வாமனர் உடைந்துபோனார். பத்தில் ஒன்பதுதான் மிஞ்சின.

ஊருக்குப் போய்வந்த உறவினர் ஒருவர் புது வாமனரை வாங்கி வந்தார். படியில் வைத்ததும் அம்மா சிரித்துவிட்டார். "மூன்றடி மண் கேட்க வந்தவரா இவர்? ராமரைவிட ஒரு பிடி உயரமாக இருக்கிறாரே!" நிறமோ கண்ணைப் பறித்தது. பக்கத்தில் நின்ற பழையவர்கள் அழுக்கேறியவர்கள்போல் தோன்றினார்கள்.

அப்போது நான் செய்த தவறு இன்றும் உறுத்துகிறது. புதியதற்கு ஈடாகப் பழையதையும் பளபளப்பாக்கலாம் என்றெண்ணி, மச்சாவதாரத்துக்கு எனாமல் சாயம் பூசினேன். நிறம் பொருந்தியது, முகம் போய்விட்டது. ஒரு மயிரிழைத் தூரிகையால் யாரோ வரைந்திருந்த கண்ணும் புருவமும் சாயத்துக்குள் மறைந்தன. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்தப் பொம்மையைப் பின்வரிசைக்கு நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். பழையதைப் புதியதோடு சேர்க்கக்கூடாது. புதியதைத்தான் பழையதோடு சேர்க்கவேண்டும் என்பதை அன்றுதான் கற்றேன்.

உயரம் ஏன் மாறுகிறது?

பண்ருட்டியிலும், காஞ்சிபுரத்திலும், மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியிலும் களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, உலர்த்திச் சூளையில் சுட்டுப் பொம்மை செய்கிறார்கள். மண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்கும். மண்ணுக்கேற்ப நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்குவரை சுருங்குவதுண்டு. சுட்ட பொம்மையிலிருந்தே மறுபடி அச்செடுத்தால் அடுத்த பொம்மை இன்னும் சிறுக்கும். எனவே ஒரே ஊர், ஒரே சாமி என்றாலும் உயரம் ஒத்திருக்கும் என்று நம்பமுடியாது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டுமன்று. லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் உள்ளே கூடான ஈயப் போர்வீரர் பொம்மைகளை வார்த்து விற்கத் தொடங்கியது. அவற்றின் உயரம் 54 மில்லிமீட்டர். 1913இல் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் இத்தகைய பொம்மைகளைக் கொண்டு வீட்டுத் தரையில் போர் விளையாடும் முறையை ஒரு புத்தகமாகவே எழுதினார். பிறகு பல நிறுவனங்கள் பல அளவுகளில் வீரர்களைச் செய்யவே, பழைய படையோடு புதிய படை சேராமல் அங்கேயும் பலர் தலையைச் சொறிந்தார்கள். அவர்களில் பலர் கையாளும் வழி நமக்கும் உதவும்: உச்சிவரை அளக்காதீர்கள், பாதத்திலிருந்து கண்வரை அளங்கள். கிரீடமும் குடையும் அளவைக் கெடுத்துவிடும்.

வளையலுக்கு நூலளவு கொடுத்தனுப்புவதுபோல, வரிசையில் உள்ள ஒரு பொம்மையின் கண்ணுயரத்தை நூலில் முடிச்சிட்டுக் கொடுத்தனுப்புங்கள். வந்த பொம்மை சற்றுக் குட்டையானால் அடியில் மெல்லிய பலகைத் துண்டு வைத்து உயர்த்தலாம். நெட்டையானால் அதே வரிசையில் திணிக்காமல் பின்படியின் ஓரத்தில் தனியாக நிறுத்துங்கள்.

நிறத்தை அடக்குவது

பழைய பொம்மையின் மேலுள்ள வார்னிஷ் ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகும். அதனால் வெள்ளை பாலாடை நிறமாகவும், நீலம் சற்றுப் பச்சையாகவும் தெரியும். புதிய பொம்மையின் எனாமலோ கண்ணாடிபோல் மின்னும். பொருந்தாமைக்குப் பாதிக் காரணம் இந்த மினுமினுப்பே. ஆகவே முதலில் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து உலரவிடுங்கள். அதுவும் போதாவிட்டால், பழுப்புச் சாயத்தை மிக நீர்க்கக் கரைத்துத் துணி மடிப்புகளில் தடவி, மேட்டில் பட்டதை உடனே துடைத்துவிடுங்கள். எதையும் முதலில் பொம்மையின் முதுகில் செய்து பாருங்கள். முகத்தைத் தொடாதீர்கள். கொலுவுக்கு ஏற்றும் விளக்கொளியில் பார்த்தே முடிவு செய்யுங்கள். கடையின் குழல்விளக்கு ஏமாற்றும்.

பீடத்தையும் மறக்கவேண்டாம். பழையவற்றின் பீடம் என்ன நிறமோ, அதே நிறத்தைப் புதியதன் பீடத்துக்குப் பூசுங்கள். படி முழுதும் ஒரே துணி விரியுங்கள். காலடி ஒன்றானால் கண் மற்ற வேற்றுமைகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

தைப்பிங் மழைக்கு

இவ்வூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. காகிதக் கூழ்ப் பொம்மை ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும். சுடாத மண் பொம்மை உதிரும். தூசியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். நனைந்த பொம்மையை வெயிலில் காயவைத்தால் சாயம் வெடிக்கும். நிழலில் காற்றாட விடுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் ஈரம் தங்கும் என்பதால் பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் கட்டையின்மேல் வையுங்கள். மருந்துப் போத்தலில் வரும் உலர்த்திப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து உள்ளே போடலாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் வாங்கிய ஆண்டையும் வாங்கியவர் பெயரையும் பென்சிலால் எழுதுங்கள். கப்பலில் வந்தது எது, விமானத்தில் வந்தது எது என்று பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவேண்டுமே.

எங்கள் நெட்டை வாமனருக்கு மங்கல் வார்னிஷ் பூசி, மேற்படியின் ஓரத்தில் தனியாக இடம் கொடுத்தோம். மச்சாவதாரத்தின் புதுச் சாயத்தைச் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம், உள்ளே இருப்பதும் போய்விடும்" என்றார் பாட்டி. இன்று அவர் இல்லை. அந்த முகம் இல்லாத மச்சத்தை ஒவ்வோர் ஆண்டும் வரிசையின் முதலில் வைக்கிறேன். அதன் இடம் அதுதானே.