காணாமற்போன கதிர்வீச்சுப் பொருள்: யாரிடம் சொல்வது?

2021 மே மாதத்தில் மும்பையில் சுமார் 7 கிலோ இயற்கை யுரேனியத்துடன் இருவர் கைதானபோது, அது எங்கிருந்து வந்தது என்னும் விசாரணை முடியுமுன்பே பாகிஸ்தான் வெளியுறவுத் துறை கவலை தெரிவித்து அறிக்கை விடுத்தது. இங்கேயும் அணுகுண்டுப் பேச்சு கிளம்பிற்று. இயற்கை யுரேனியத்தை அப்படியே வைத்துக் குண்டு செய்ய இயலாது என்பதை நிதானமாக எடுத்துச் சொன்னவர் சிலரே. இவ்வளவு ஆரவாரம் செய்கிற நாம், மெய்யாகவே உயிரைக் குடிக்கும் பொருள்கள் பழைய இரும்போடு இரும்பாய் எடை போடப்படுவதைக் கவனிப்பதேயில்லை.

டில்லிப் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் உபயோகமின்றிக் கிடந்த காமா கதிர்ச் சாதனம் ஒன்று, உள்ளே கோபால்ட்-60 இருக்கிறது என்ற பிரக்ஞையே இல்லாமல், 2010 பிப்ரவரியில் ஏலத்தில் விற்கப்பட்டு, மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் பிரித்தெடுக்கப்பட்டது. ஏப்ரலுக்குள் கடைக்காரர் ஒருவரின் மேனி கறுத்தது, தலைமயிர் உதிர்ந்தது, பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் மாண்டார். 5.27 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் கோபால்ட், கால் நூற்றாண்டு கிடந்த பிறகும் ஒரு மனிதரைக் கொல்லப் போதுமானதாயிருந்தது. படித்தவர்கள் நிறைந்த ஒரு ஸ்தாபனத்தின் அலட்சியத்துக்குப் படிக்காத ஏழைகள் பலியாயினர் என்பதை நினைக்க நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆகவே, கல்லூரியோ ஆஸ்பத்திரியோ தொழிற்சாலையோ, பழைய உபகரணத்தை ஏலப் பட்டியலில் சேர்க்குமுன், அதற்குரிய உரிமத்தையும் கொள்முதல் தஸ்தாவேஜுகளையும் எடுத்துப் பார்த்து, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரின் கையொப்பத்தைப் பெற வேண்டும். கதிர்மூலம் இருந்தால், மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் முன்அனுமதி இன்றி அதை அசைக்கவே கூடாது. தந்த நிறுவனத்துக்கோ வாரியம் அங்கீகரித்த கழிவு நிலையத்துக்கோ அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியைக் கோப்பில் வைத்த பிறகே விஷயம் முடிந்தது. காணாமற்போனால், நாலு நாள் தேடிப் பார்ப்போம் என்று ஒளிக்காமல், அன்றைக்கே வாரியத்துக்கும் போலீஸுக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

காயலான் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அளவுக்கு மீறிக் கனக்கும் உருளையோ, மஞ்சள் பின்னணியில் மூவிதழ்ச் சின்னமோ தென்பட்டால் அறுக்காதீர்கள். விலகி நின்று, பிறரையும் விலக்கி, 112-க்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். வாந்தியும் தோல் சிவப்பும் கண்டால் மருத்துவரிடம் அந்த உருளையைக் கையாண்டதை மறைக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: சின்னம் அழிந்திருந்தாலும், அறுக்காதீர்கள்.

தொலைந்த பொருள் எல்லையைத் தாண்டவும் கூடுமாதலால், எஞ்சியிருப்பது இந்திய, பாகிஸ்தான் சர்க்கார்களின் கடமை. 1988 டிசம்பரில் செய்த ஒப்பந்தப்படி, இந்தியாவும் பாகிஸ்தானும் தத்தம் அணுநிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதியன்று பரிமாறிக்கொள்கின்றன; கார்கில் யுத்தம்கூட இவ்வழக்கத்தை நிறுத்தவில்லை. அணு ஆயுதங்கள் தொடர்பான விபத்து நேர்ந்தால் பரஸ்பரம் அறிவிக்க 2007 பிப்ரவரியில் கையெழுத்திட்டன. அணுப்பொருள் களவு போனால், சம்பந்தப்பட்டதாகத் தோன்றும் பிற தேசங்களுக்கு விரைவில் தெரிவிக்க வேண்டும் என்று கூறும் அணுப்பொருள் பாதுகாப்பு உடன்படிக்கையிலும் இரண்டும் அங்கம் வகிக்கின்றன. ஆனால் அந்த உடன்படிக்கை சொல்லும் அணுப்பொருள் யுரேனியமும் புளுட்டோனியமுமே. மாயாபுரியில் மனிதரைக் கொன்ற கோபால்ட் அதில் அடங்காது. அணுப்பொருளும் பிற கதிர்வீச்சுப் பொருள்களும் களவு போவது, தொலைவது முதலியவற்றைக் குறித்து சர்வதேச அணுசக்தி முகமை 1995 முதல் நடத்திவரும் பதிவேட்டில் 4,000க்கு மேற்பட்ட சம்பவங்கள் ஏறியிருந்தும், அதில் தகவல் தருவது அவரவர் விருப்பம்.

விரோதம் தீரட்டும் என்று காத்திருக்க இதில் இடமில்லை. இருநாட்டு ஒழுங்குமுறை அமைப்புகளும் ஆளுக்கோர் அதிகாரியைப் பெயர் குறித்து நியமித்து, ஜனவரிப் பட்டியலோடு ஒரே ஒரு தாளைச் சேர்க்கலாம். இடையில் ஏதேனும் தொலைந்தால் அதே தாளை உடனே அனுப்பலாம். பொருளின் பெயர், கதிர்வீச்சின் அளவு, கவசத்தின் எடை, அதில் பொறித்த வரிசை எண், கடைசியாகக் காணப்பட்ட இடம், தேதி ஆகிய ஆறு விவரங்கள் போதும். இவற்றில் ராணுவ ரகசியம் எதுவுமில்லை.