திண்ம உயர்வெப்பநிலை மீக்கடத்தி
திண்ம உயர்வெப்பநிலை மீக்கடத்தி என்பது கம்பியாகவோ மென்படலமாகவோ அன்றி, கட்டியாக உருவாக்கப்படும் மீக்கடத்தி ஆகும். 1987 இல் கண்டறியப்பட்ட இட்ரியம் பேரியம் செப்பு ஆக்சைடு இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. தூளை அழுத்திச் சுட்டால் மட்டும் போதாது. தாறுமாறாக அமையும் படிகமணிகளின் எல்லைகளில் மின்னோட்டம் நலிந்துவிடும். ஆகவே வில்லையின்மேல் விதைப்படிகம் வைத்து, பகுதியளவு உருக்கி, மிக மெதுவாகக் குளிர்விப்பர். முழு வில்லையும் விதையின் திசையிலேயே ஒற்றைப் படிகமணியாக வளரும். பின்னர் ஆக்சிசனில் நெடுநேரம் பதப்படுத்தப்படும். இடையே சிதறியிருக்கும் பச்சைநிற வேற்றுச்சேர்மத் துகள்கள் குறையல்ல. காந்தப்பாயத்தை நகரவிடாமல் பிடித்துவைப்பவை அவையே.

பெருஞ்சிக்கல் நொறுங்குதன்மையாகும். சிறைப்பட்ட காந்தப்புலத்தின் விசையே வில்லையைப் பிளந்துவிடக்கூடும். 2014 இல் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகக் குழுவினர், இட்ரியத்துக்குப் பதிலாகக் கடோலினியம் கொண்ட, வெள்ளி கலந்த இரு வில்லைகளை எஃகு வளையத்தால் இறுக்கி, 26 கெல்வினில் 17.6 டெஸ்லா புலத்தைத் தேக்கினர்.