சிக்கனப் பயணியும் மாநகரமும்: கொல்கத்தா தரும் பாடம்

தேர்வு எழுதவும், நேர்முகத்திற்குச் செல்லவும், அலுவலகப் பயிற்சி பெறவும், நோயுற்ற உறவினருக்குத் துணையிருக்கவும் நம் நாட்டின் பெருநகரங்களுக்கு அன்றாடம் வந்து செல்வோர் எண்ணற்றோர். வந்த வேலை முடிந்தபின் இவர்களில் பலருக்கு ஓரிரு நாள்கள் ஓய்வாகக் கிடைக்கின்றன. அந்நகரின் அருங்காட்சியகத்தையும் நினைவிடங்களையும் ஆற்றங்கரையையும் காண அவர்கள் விரும்புவது இயல்பே. ஆயினும், "செலவு மிகுதியாகும்" என்ற அச்சத்தால் பலர் இரயில் நிலையத்திலேயே பொழுதைக் கழித்துவிட்டு ஊர் திரும்புகின்றனர். பொதுப்பணத்தால் பேணப்படும் தேசியச் செல்வங்களை, அப்பணத்தில் தம் பங்கையும் செலுத்திய ஓர் எளிய குடிமகன் காண முடியாமற் போவது சிறிய இழப்பன்று.

இந்த அச்சம் எந்த அளவிற்கு உண்மை? சுற்றிப் பார்ப்பதற்கு ஆகும் செலவை மூன்று கூறுகளாகப் பிரிக்கலாம். முதலாவது, சீட்டுக்கும் நுழைவுக்கும் கொடுக்கும் பணம். இரண்டாவது, காத்திருப்பதிலும் நடப்பதிலும் கழியும் நேரம். மூன்றாவது, எந்த வழியில் செல்வது, எந்நாளில் எது திறந்திருக்கும் என்ற செய்தி தெரியாமையால் நேரும் வீண்செலவு. இம்மூன்றில் பெரும்பாலோரின் பையைக் கரைப்பது மூன்றாவதே எனலாம். கொல்கத்தாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

ஆறும் இருப்புப்பாதையும்

கொல்கத்தா ஹூக்ளி ஆற்றை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு வளர்ந்த நகரம். காணத்தக்க இடங்களிற் பெரும்பாலானவை ஆற்றங்கரையிலோ, ஆற்றுக்கு ஏறத்தாழ இணையாகச் செல்லும் மெட்ரோ வழியின் அருகிலோ அமைந்துள்ளன. இந்த அமைப்பே சிக்கனப் பயணிக்குப் பெரும் வாய்ப்பாகும்.

இந்தியாவின் முதல் மெட்ரோ இரயில் 1984 அக்டோபர் 24 அன்று இந்நகரின் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே 3.4 கிலோமீட்டர் தொலைவிற்கு ஓடத் தொடங்கியது. 1995-இல் அது டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுமை பெற்றது. 2021-இல் வடக்கே தட்சிணேசுவரம் வரை நீண்டது. ஆற்றின் அடியில் சுரங்கம் அமைத்து ஹௌராவை எஸ்பிளனேடுடன் இணைக்கும் பகுதி 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. அப்போது மெட்ரோவின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். 2025 ஆகஸ்டில் எஸ்பிளனேடு–சியால்தா பகுதியும் திறக்கப்பட்டதால், நகரின் இரு பெரும் இரயில் நிலையங்களான ஹௌராவும் சியால்தாவும் ஒரே மெட்ரோ வழியில் இணைந்தன. இரயிலை விட்டு இறங்கியதும் வாடகைக் காரைத் தேட வேண்டிய தேவை இதனால் பெரிதும் குறைந்துள்ளது.

மெட்ரோவினும் இனிய வழி ஒன்றுண்டு. ஹௌரா இரயில் நிலையத்தின் எதிரிலுள்ள படித்துறையிலிருந்து அக்கரைக்குப் படகுகள் செல்கின்றன. கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் மாநிலப் போக்குவரத்துக் கழகமும் இவற்றை இயக்குகின்றன. அன்றாடம் அலுவலகம் செல்வோருக்காக ஏற்பட்ட இப்படகில் கட்டணம் சில ரூபாய்களே. 1943-இல் திறக்கப்பட்டு, 1965-இல் இரவீந்திர சேது எனப் பெயர் பெற்ற ஹௌரா பாலத்தை ஆற்றின் நடுவிலிருந்து காண்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. பாலத்தின் கிழக்கு முனையில், மல்லிக் படித்துறையை அடுத்து, விடியற்காலையில் கூடும் பூச்சந்தையைக் காண நுழைவுச் சீட்டே வேண்டியதில்லை.

இரண்டு நாள்களில்

முதல் வேலையாகச் சுமையை இறக்கிவிட வேண்டும். பெரிய இரயில் நிலையங்களில் கிளோக் ரூம் எனப்படும் பொருள் காப்பறை உண்டு. பயணச் சீட்டைக் காட்டி, பூட்டிய பெட்டியை அங்கு ஒப்படைக்கலாம். கையில் மூட்டையுடன் இருப்பவர் பேருந்திலும் படகிலும் ஏறத் தயங்குவார். தயக்கம் அவரை வாடகைக் காரில் கொண்டுபோய் நிறுத்தும். இரயில் நிலையத்திலேயே தங்க விரும்புவோர் உறுதி செய்யப்பட்ட பயணச் சீட்டைக் கொண்டு ஓய்வறையை முன்கூட்டியே பதிவு செய்யலாம்.

முதல் நாள் படகில் பாபுகாட் சென்றால், அங்கிருந்து ஈடன் தோட்டத்தை ஒட்டி மைதானம் என்னும் பரந்த புல்வெளிக்கு நடந்தே செல்லலாம். அதன் தென்முனையில் 1921-இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபம் உள்ளது. மண்டபத்தின் உள்ளே செல்ல ஒரு சீட்டும், தோட்டத்திற்கு மட்டும் குறைந்த விலையில் வேறொரு சீட்டும் உண்டு. மைதானத்தின் கிழக்கு ஓரத்தில், 1814-இல் தோன்றிய இந்திய அருங்காட்சியகம் இருக்கிறது. பார்ஹூத் தூபியின் சிற்ப வேலியை மட்டும் பார்க்கவே அங்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். மெட்ரோவில் சற்றுத் தெற்கே சென்றால் நேதாஜி பவன் நிலையம் வரும். 1941 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸ் ஆங்கில அரசின் காவலை மீறி வெளியேறிய இல்லம் அதன் அருகிலேயே உள்ளது.

இரண்டாம் நாள் காலை மெட்ரோவில் தட்சிணேசுவரம் செல்லலாம். இராணி ராஷ்மணி எழுப்பிய காளி கோயில் 1855-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கிருந்து எதிர்க்கரையிலுள்ள பேலூர் மடத்திற்குப் படகு செல்கிறது. இவ்விரு இடங்களும் நண்பகலில் மூடப்படுவதால் காலையிலேயே செல்வது நன்று. பிற்பகலில், இரவீந்திரநாத் தாகூர் பிறந்து மறைந்த ஜோராசாங்கோ இல்லத்தையும், காலேஜ் தெருவின் பழைய புத்தகக் கடைகளையும் மகாத்மா காந்தி சாலை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே அடையலாம்.

இத்திட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. விக்டோரியா மண்டபம், இந்திய அருங்காட்சியகம், நேதாஜி இல்லம், ஜோராசாங்கோ ஆகியவை திங்கட்கிழமைகளில் மூடப்படுபவை. புத்தகக் கடைகளோ பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. ஞாயிறும் திங்களும் ஓய்வு கிடைத்த ஒருவர் இதனை அறியாமல் வந்தால், அவருடைய மலிவான பயணச் சீட்டும் வீணே. செய்தியின் விலை என்று முன்னர்க் குறிப்பிட்டது இதனையே.

ஒரு பைசாவின் வரலாறு

மலிவுக் கட்டணம் இந்நகருக்குத் தானாக வந்ததன்று. கொல்கத்தாவில் குதிரை இழுக்கும் டிராம் 1873-இல் முதன்முதலாக ஓடியது. மின்சார டிராம் 1902-இல் வந்தது. 1953-இல், அப்போது ஆங்கிலேயர் உடைமையாக இருந்த டிராம் நிறுவனம் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்த முற்பட்டது. அன்றைய பைசா ரூபாயில் 64-இல் ஒரு பங்கு. அந்த ஒரு பைசாவை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி நகரையே உலுக்கியது; உயர்வும் நிறுத்தி வைக்கப்பட்டது. அன்றாடங்காய்ச்சியின் வரவு செலவில் போக்குவரத்துக் கட்டணம் எத்துணை நுண்ணிய இடத்தைத் தொடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சென்னையில் 1953-இலும், டெல்லியில் 1963-இலும், பம்பாயில் 1964-இலும் டிராம்கள் நின்றுபோயின. கொல்கத்தாவில் மட்டும் அவை நிலைத்தன. எனினும், மைதானத்தை ஒட்டிய ஒரு சிறு பகுதியைத் தவிர ஏனைய வழிகளைக் கைவிடுவதாக மாநில அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. டிராமின் மெதுவான ஓட்டம் நெரிசலைப் பெருக்குகிறது என்பது அரசு தரப்பின் வாதம். நகர்ப்பரப்பில் சாலைகளின் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடே எனப் பொதுவாகக் கூறப்படும் ஒரு நகரில் இவ்வாதத்தைப் புறக்கணிக்க இயலாது. ஆனால், அதே குறுகிய சாலையில் ஒருவரோ இருவரோ அமர்ந்து செல்லும் கார் பிடிக்கும் இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் அல்லவா?

மானியம் யாருக்கு?

குறைந்த கட்டணத்தால் மெட்ரோவும் படகும் முழுச் செலவையும் ஈட்டுவதில்லை. "ஊர் சுற்றிப் பார்ப்பவருக்கு வரிப்பணத்தில் மானியமா?" என்று சிலர் வினவக்கூடும். பொருளியல் நோக்கில் விடை எளிது. காலையும் மாலையும் நெரியும் வண்டிகள் முற்பகலில் பாதி காலியாகவே ஓடுகின்றன. அந்த வெற்று இருக்கையில் ஒரு பார்வையாளர் அமர்வதால் கூடுதலாக ஆகும் செலவு ஏறக்குறைய ஏதுமில்லை. அவர் தரும் கட்டணமோ வரவு. உள்ளூர்த் தொழிலாளிக்காக ஏற்பட்ட வசதியை வெளியூர் எளியவரும் பகிர்ந்துகொள்கிறார் என்பதே உண்மை. நெரிசல் நேரத்தைத் தவிர்ப்பது அவருக்கும் நலம், நகருக்கும் நலம்.

ஆகவே, கட்டணத்தை மேலும் குறைப்பதைவிடச் செய்தியைப் பரப்புவதே இன்றைய தேவை. பேருந்துகளின் பெயர்ப் பலகைகள் பெரும்பாலும் வங்க எழுத்தில் உள்ளன. நடத்துநர் கூவும் இடப்பெயர்களைப் புதியவர் பிரித்தறிவது கடினம். இரயில் நிலைய வாயிலில், படித்துறை எங்குள்ளது, மெட்ரோ எங்கு செல்லும், எந்த இடத்திற்கு எந்நாள் விடுமுறை என்பவற்றைப் பல இந்திய மொழிகளில் கூறும் ஒரு பலகை போதும். மெட்ரோ நடுவண் அரசின் இரயில்வேயிடமும், பேருந்துகள் மாநிலக் கழகத்திடமும் தனியாரிடமும், படகுகள் கழகத்திடமும் கூட்டுறவிடமும் இருப்பதால், அனைத்துக்கும் பொதுவான ஒருநாள் சீட்டை வழங்க நிர்வாகங்களின் ஒத்துழைப்பு வேண்டும். அருங்காட்சியகங்கள் தம் விடுமுறையை வெவ்வேறு நாள்களில் அமைத்துக்கொள்ளக் கட்டடம் எதுவும் எழுப்ப வேண்டியதில்லை. ஓர் ஆணை போதும்.

ஒரு நகரின் செழிப்பை அதன் உயர்ந்த விடுதிகளைக் கொண்டு அளப்பது வழக்கம். பையில் நூறு ரூபாயுடன் வரும் ஒரு மாணவன் பிறர் உதவியின்றி அந்நகரின் சிறப்புகளைக் கண்டு மீள முடிகிறதா என்பதையும் அளவுகோலாகக் கொள்வது தகும். படகும், மெட்ரோவும், நடந்து செல்லத்தக்க தெருக்களும் கொல்கத்தாவில் முன்பே உள்ளன. அவை எங்கிருக்கின்றன என்பதைப் புதியவருக்குச் சொல்வதே எஞ்சியுள்ள பணி.