ரேஷன் அரிசியும் ஆயிரம் ரூபாயும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு



விலைவாசி ஏறும்போது அரசு மக்களுக்கு இரு வகையில் உதவுகிறது. ஒன்று பொருளாகக் கொடுப்பது. மற்றொன்று பணமாகக் கொடுப்பது. எப்படிக் கொடுத்தால் என்ன, இரண்டும் உதவிதானே என்று நானும் எண்ணியிருந்தேன். என் தாயார் எழுதி வரும் வரவு செலவு நோட்டைக் கோடை விடுமுறையில் புரட்டிப் பார்த்த பின்னரே அவற்றின் வேறுபாடு எனக்கு விளங்கிற்று.

முதலில் ரேஷன் கடையை எடுத்துக்கொள்வோம். 1967இல் அறிஞர் அண்ணா முதலமைச்சரானதும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. 2006இல் ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாயாயிற்று. 2008இல் 1 ரூபாயாயிற்று. 2011 ஜூன் முதல் விலையே இல்லாமற் போயிற்று. கடைத்தெருவில் அரிசி விலை ஏறிக்கொண்டே போன அதே ஆண்டுகளில் ரேஷன் அரிசியின் விலை இறங்கிக்கொண்டே வந்தது என்பதைக் கவனியுங்கள். வெளியில் கிலோ நாற்பது ரூபாய் விற்றாலும் அறுபது ரூபாய் விற்றாலும், கார்டுக்குக் கிடைக்கும் 20 கிலோ 20 கிலோவாகவே இருக்கும். பொருளாகக் கொடுக்கும் உதவியை விலைவாசி தின்ன முடியாது.

ஆனாலும் அதில் குறை இல்லாமல் இல்லை. வரிசையில் நிற்க வேண்டும். பருப்பு வந்த நாளில் பாமாயில் வந்திராது. மறுபடியும் நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த அரிசி பெரும்பாலும் இட்லி மாவுக்கே போகிறது. பாட்டிக்கு அந்தச் சோறு பிடிப்பதில்லை. மேலும், அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்துத் தம்பிக்கு நோட்டு வாங்க முடியுமா?

அதற்குப் பணம்தான் வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்திற்கு உட்பட்ட குடும்பங்களின் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சம் பேர் தெரிவு செய்யப்பட்டார்கள். "இது யாரையும் கேட்காம செலவு பண்ற பணம்" என்றார் என் தாயார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை எந்த அரிசி மூட்டையும் தந்ததில்லை.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். முதல் மாதத்து ஆயிரத்தில் எண்ணெய், மளிகை, தம்பியின் நோட்டுகள் எல்லாம் போக 140 ரூபாய் மீதி என்று எழுதியிருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து அதே ஆயிரத்தில் நோட்டுகள் இல்லை, மீதியும் இல்லை. 2025இல் தேங்காய் எண்ணெய் மட்டுமே ஒரே ஆண்டில் ஏறத்தாழ இரு மடங்கு விலையேறியது நம் எல்லார் வீட்டிலும் தெரிந்த செய்தி. ஆயிரம் ஆயிரமாகவே இருந்தது. அது வாங்கித் தந்த சாமான்தான் குறைந்துபோயிற்று.

உழவர்களுக்கும் இதே கதைதான். 2019இல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வருகிறது. முதல் தவணை 2,000. 2025 நவம்பரில் கோவையில் விடுவிக்கப்பட்ட 21ஆம் தவணையும் 2,000. இடைப்பட்ட ஆண்டுகளில் உரமும் ஆள் கூலியும் டிராக்டர் வாடகையும் எவ்வளவு ஏறின என்பதைக் கீழ்பென்னாத்தூர் பக்கம் பயிர் செய்யும் என் தாய்மாமாவிடம் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்லுவார். ஆனால் அவருக்கு அந்த 2,000மும் வருவதில்லை. நிலம் தம் பெயரில் உள்ளவர்களுக்கே அது உண்டு. மாமா குத்தகைக்கு உழுபவர்.

2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் நம் அண்ணாமலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் மாண்டதையும், அவர்களுள் ஐவர் குழந்தைகள் என்பதையும் மறந்தவர் இவ்வூரில் இரார். அதே மழையில்தான் மாமாவின் நெல்லும் மூழ்கியது. பாசன நிலப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்குக் கணக்கிட்டால் சுமார் 6,880 ரூபாய். பட்டா சென்னையிலுள்ள உரிமையாளர் பெயரில் இருந்தபடியால் தொகை அவருக்குப் போயிற்று. அவர் நல்ல மனிதர், பாதியைக் கொடுத்தார். கொடுக்காதிருந்தால் கேட்பதற்கு மாமாவிடம் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. குத்தகைதாரரின் உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே நம் மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. வாய்ச்சொல்லால் நடக்கும் குத்தகை அதில் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

கடலில்லாத ஊர்க்காரியான நான் மீனவரைப் பற்றி என்ன சொல்வது? எங்கள் தெருவுக்கு வண்டியில் மீன் கொண்டு வரும் அண்ணன், ஏப்ரல் நடுவிலிருந்து இரண்டு மாதம் கடல் மீனுக்குப் பதிலாகச் சாத்தனூர் அணையின் கட்லாவும் ரோகுவும் கொண்டு வருவார். காரணம் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரிக்க இடம் கொடுப்பதற்காக 2001 முதல் 45 நாட்களும், 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்களும் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் செல்வதில்லை. அதற்கான நிவாரணத்தை 5,000த்திலிருந்து 8,000மாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள். உயர்த்தியது நன்று. எனினும் 8,000த்தை 61 நாளால் வகுத்தால் ஒரு குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 131 ரூபாய். மீனவர்கள் தாமே 1,500 ரூபாய் சேமித்தால் அரசு 3,000 சேர்த்து 4,500ஆகத் திருப்பித் தரும் திட்டம் ஒன்றும் உண்டு. மீனவப் பெண்களுக்கும் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். கையேந்தாமல் தம் பணத்தோடு சேர்த்து வாங்குகிறார்கள் அன்றோ?

விலைக்குத் தக்கபடி தொகையை ஏற்ற அரசுக்கு வழி தெரியாது என்று சொல்ல முடியாது. நூறு நாள் வேலையின் கூலி விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டெண்ணைப் பார்த்து ஆண்டுதோறும் மாற்றப்பட்டது; தமிழ்நாட்டில் 2023-24இல் நாளுக்கு 294 ரூபாயாக இருந்தது 319ஆகி, 2025-26இல் 336 ஆயிற்று. அரசு ஊதியம் பெறுவோருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. நம் ஆசிரியைகளைக் கேளுங்கள், புன்னகையோடு விளக்குவார்கள்! உழவருக்கு வரும் 2,000த்திற்கு மட்டும் அப்படியொரு குறியீட்டெண் கிடையாது.

இதையெல்லாம் எழுதி முடித்து என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். நோட்டை மூடியபடியே, "டீச்சருக்கு ஏத்தித் தர்றாங்கன்னா, நமக்கும் கேட்டு ஒரு வரி எழுதேன்" என்றார். எழுதிவிட்டேன்.